கிணற்றுக்குள் கொஞ்சம் மலை

சித்திரை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் சேலையூர் வீட்டின் மொட்டைமாடி, பகலெல்லாம் வாங்கி வைத்த வெயிலை ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் இறக்கத் தொடங்கிவிட்டது. ரத்தினபாய் ஜன்னலில் ஈரச் சேலையைக் கட்டிப் பார்த்தாள். தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். கேளம்பாக்கம் உப்பளப் பக்கமிருந்து சாயங்காலம் வரும் கடல்காற்றுகூட அந்தத் தெருமுனைவரை வந்து, என்ன நினைத்ததோ, திரும்பிப் போய்விட்டது.

அவளுடைய புருஷன் ஞானையாவுக்குத் தாம்பரம் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் வேலை. மூட்டையை எடைபோட்டு, சீட்டு ஒட்டி, ரசீது எழுதிக் கொடுப்பது. அதற்கு முன்னால் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இருந்தார். அப்போது அவர் கீழே சமவெளியில், ரத்தினபாய் மேலே மலையில், மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து மேலே போவார், திங்கட்கிழமை விடியலில் கம்பளிச் சால்வையோடு இறங்கி வருவார். தாம்பரத்துக்கு மாற்றல் வந்தபோது, பஸ் பிடித்துப் போகிற தூரமில்லை என்பதால் அவள் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். அது நடந்து ஆறு வருஷமாகிவிட்டது. ஒரே மகள் ஜெயசீலி நர்ஸ் படிப்புக்கு வேலூர் போனபிறகு வீட்டில் இரண்டு பேர்தான்.

இரண்டு பேரோடு செடிகளும் வந்திருந்தன. மலையிலிருந்து லாரியில் சாமான் வந்தபோது, பீரோவுக்கு முன்னால் இறங்கினவை அவைதான். மரக்கிளையிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு வளர்கிற ஆர்க்கிட் செடிகள். சோலைக்காட்டில் மரம் விழுந்தால் ரத்தினபாய் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போவாள், விழுந்த கிளையிலிருந்து பெயர்த்து வருவாள். நிற்கிற மரத்தில் கை வைக்கமாட்டாள். குன்னூரில் ஒரு எஸ்டேட்காரர், டார்ஜிலிங்கில் ஒரு டாக்டரம்மா என்று செடி சேர்க்கிறவர்களோடு தபாலில் பழக்கம். ஒன்று கொடுத்து ஒன்று வாங்குவார்கள். அப்படிச் சேர்ந்ததெல்லாம் குளிருக்குப் பிறந்தவை. பகலில் எப்படியோ தாங்கினாலும் ராத்திரிக்குக் குளிர் வேண்டும். தாம்பரத்தில் அதற்கு எங்கே போவது?

அவளும் என்னென்னவோ செய்தாள். இந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றினாள். வெட்டிவேர்த் தட்டி கட்டினாள். மீன் மார்க்கெட்டில் ஐஸ்கட்டி வாங்கிவந்து செடிக்கு அடியில் வைத்தாள்; அந்த வாசனைக்குத் தெருப் பூனையெல்லாம் வந்து வாசலில் உட்கார்ந்தன. ஒன்றுக்கு வேர் கறுத்தது. ஒன்றுக்கு இலை விசிறிபோல மடிந்தது. ஒன்று நன்றாகத்தான் இருந்தது, ஒருநாள் காலையில் தொட்டால் கையோடு வந்துவிட்டது. குன்னூர்க்காரர், வெயில் ஊரில் இவற்றை வளர்ப்பது ஆகாத காரியம், மலையில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று எழுதினார். ரத்தினபாய் அவருக்குப் பதில் எழுதவில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. வீட்டில் அதற்கு மலைக்காரி என்று பெயர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புயலில் விழுந்த மரத்திலிருந்து ரத்தினபாய் எடுத்தது. சின்ன வெங்காயம் சைசில் பச்சைக் கிழங்குகள், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தாற்போல, ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு இலை. ஆனி ஆடி மழையில் வெள்ளையாகப் பூக்கும், தொண்டையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். எலுமிச்சை இலையைக் கசக்கினாற்போல ஒரு வாசனை. தாம்பரத்துக்கு வந்தபிறகு அது ஒருதரம்கூடப் பூக்கவில்லை.

போன வருஷம் பங்குனியில் அதுவும் வாட ஆரம்பித்தபோதுதான் ஞானையா பார்சல் கவுண்டரில் புலம்பினார். எதிரே நின்றது ஏகநாதன், மாடம்பாக்கத்து விவசாயி. கொத்தவால்சாவடிக்குக் கத்திரிக்காய்க் கூடை அனுப்ப வந்தவன்.

"இன்னா சார், மூஞ்சி தொங்கிகினு கீது? வூட்டுல யாருக்கும் ஒடம்பு சொகமில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல ஏகநாதன். ஒரு செடி. குளிர் இல்லாம சாகுது."

"செடிக்குக் குளுரா?" ஏகநாதன் சிரித்தான். பிறகு அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எங்கூட்டுக் கெணத்துல தொங்க உடு சார். கோடையில எங்கம்மா காலத்துலேருந்து வெண்ணெ, தயிரு, காய்கறி அல்லாம் கூடையில கட்டி அதுலதான் எறக்கறது. வெண்ணெயே உருகாம கீது. உன் செடியா உருகிடப்போவுது?"

அப்படித்தான் மலைக்காரி மாடம்பாக்கம் போனது. சிவன்கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏகநாதனின் கழனி. நடுவில் பெரிய கிணறு, நாலு பக்கமும் கருங்கல் கட்டு, ஒருபக்கம் படி. பாதி ஆழத்தில் மோட்டார் வைக்க ஒரு மேடை. வெளிச்சம் தாராளமாக இறங்கும், வெயில் மட்டும் உச்சிவேளையில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். ஞானையா மூங்கில் கூடையில் தேங்காய்நாரைப் பரப்பிச் செடியை வைத்து மேடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ரத்தினபாய் போகவில்லை. "நான் தினம் பாத்துப் பாத்துத்தான் மத்ததெல்லாம் செத்துது. நீங்களே பாருங்க. என் கை படவேணாம்" என்று சொல்லிவிட்டாள்.

செடி பிழைத்தது. மழைக்காலத்தில் புதுக் கிழங்கு விட்டது. தையில் இலையெல்லாம் உதிர்த்தது. ஞானையா பதறிப்போய் வந்து சொன்னபோது, "தூங்கப்போகுதுங்க. தண்ணி ஊத்தாதீங்க, தொடாதீங்க" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலைப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. தலைமையாசிரியை ரிட்டயர் ஆகிறார், ரத்தினபாய் வந்தால் அந்த இடம் அவளுக்கு, மே மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும். அவள் அதைப் படித்துவிட்டு மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள். இரண்டு நாள் கழித்து, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:

"இந்த வருஷம் மலைக்காரி இங்க மொக்கு வெச்சா நானும் இங்கயே இருந்துடறேன். அதால முடியலன்னா என்னாலயும் முடியாதுங்க. நான் மேல போயிடறேன். பழையபடி நீங்க லீவுக்கு லீவு வாங்க. கோவிச்சுக்காதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஞானையா பதில் சொல்லியிருப்பார். அவள் உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். அன்றிலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமைக்காக மட்டுமே வாரம் முழுக்க மூட்டை நிறுத்தார். சித்திரை முதல் ஞாயிறு, கிழங்குகளின் அடியில் பச்சையாக முளை கண்டார். அரிசி அளவு. வீட்டுக்கு வந்து விரல் நுனியைக் காட்டி, "இத்தனூண்டு" என்றார்.

"கூரா இருந்துதா, மொழுக்குன்னு இருந்துதா?"

"கூராத்தான்."

"அதுக்குள்ளதான் மொக்கு இருக்கும்" என்றாள் ரத்தினபாய். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தாள்.

அடுத்த ஞாயிறு பார்சல் ஆபீசில் ஆள் இல்லை, போகமுடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு சைக்கிளை எடுத்தார். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வழியில் நுங்கு விற்கிறவர்கள் கூப்பிட்டார்கள், நிற்கவில்லை.

ஏகநாதன் வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி சாமுண்டீஸ்வரி முறத்தில் மொச்சை உலர்த்திக்கொண்டிருந்தாள். வாட்டசாட்டமான பெண், குரலும் அப்படியே.

"வா சார். இன்னா இப்டி வேர்த்துகினு வரே. செடி எங்கயும் ஓடிப்பூடாது, மொதல்ல குந்து. மோர் குடி. துண்ணுட்டுத்தான் போவணும், ஆமா."

"இல்லம்மா, முதல்ல கிணத்தை ஒரு பார்வை..."

"அதெல்லாம் அப்றம். கோவளத்துக் கருவாடு வந்துச்சு. கொழம்பு ஆறிப்பூட்டா நல்லாயிருக்காது. இதோ, இந்த மனுசனும் இப்பத்தான் குந்தறாரு."

ஏகநாதன் உள்ளேயிருந்து, "வா சார், அவகிட்ட மல்லுக்கு நிக்காத. நானே நிக்கறதில்ல" என்றான்.

ஞானையா உட்கார்ந்தார். பசியும் இருந்தது. சுடுசோறு, மண்சட்டியில் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய், மொச்சை, முழுசு முழுசாக வெங்காயம். காரம் உச்சந்தலையில் போய் நின்றது. வெங்காயம் மட்டும் கொஞ்சம் வழவழவென்றிருந்தது. பதமாக வெந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"எப்டி கீது சார்?"

"ரொம்ப நல்லாருக்கும்மா."

"அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்திக்க. கூச்சப்படாத."

ஊற்றிக்கொண்டார். கை கழுவிவிட்டுக் கிணற்றுக்குப் போனார். படியிறங்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. தண்ணீர் கலங்கலாக இருந்தது, சுவரில் பாசி சுரண்டப்பட்டிருந்தது. மேடையருகே கயிறு கட்டியிருந்த ஆணி இருந்தது. கயிறு இல்லை. கூடை இல்லை.

மேலே ஏறி வந்தவருக்கு மூச்சு இரைத்தது. "கெணத்துல கூடை எங்க, ஏகநாதன்?"

"தூர் வாரினோம் சார், புதங்கெழம. என் தம்பி சம்பத்துதான் எறங்கினான். தொங்கின கூடைங்கள அல்லாம் மேல எடுத்து வெச்சான்." அவன் உள்பக்கம் திரும்பிக் கேட்டான். "ஏய், சார் செடி கூடைய எங்க வெச்சே?"

"செடிக் கூடையா? செடி எதும் இல்லியே. ரெண்டு கூடை கொண்டாந்து அடுப்பாண்ட வெச்சான். ரெண்டும் வெங்காயந்தான்."

ஞானையா கழுவின கையைப் பார்த்தார்.

"இலை இருக்காதும்மா" என்றார் ஞானையா. "வெறும் கிழங்கு. பச்சையா இருக்கும்."

சாமுண்டீஸ்வரி முறத்தைக் கீழே வைத்தாள். "அய்ய" என்றாள் மெதுவாக. "நான் இன்னாத்த கண்டேன்? செடின்னா எல இருக்கணும், தண்டு இருக்கணும். பச்ச வெங்காயம் புது தினுசு, இந்த மனுசன் வாங்கியாந்து எறக்கி வெச்சுகிறாருன்னு நெனச்சுகினேன். அதுவும் மொள வுட்டுடுச்சு. மொள வுட்டா வீணாப்பூடுமேன்னு... உரிச்சுப் பாத்தேன், தோலு வரல. சரி சொம்மா அப்டியே போடுவோம்னு..."

"போட்டியா?" என்றான் ஏகநாதன்.

"போட்டேன். நீயுந்தான் துண்ணே. சார் ரெண்டு தபா வாங்கினாரு."

ஞானையா வாசற்படியில் உட்கார்ந்தார். வயிற்றில் மலைக்காரி இருந்தாள். இதைப்பற்றி என்ன நினைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஏகநாதன் பெண்டாட்டியை ஏச ஆரம்பித்தான். அவள், கூடையில் சீட்டு கட்டி வைத்திருந்தீர்களா, எனக்கு யாராவது சொன்னீர்களா என்று திருப்பிக் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு வருஷமாக அவர் ஏகநாதனிடம் சொன்னதோடு சரி, வீட்டில் அடுப்பை ஆளுகிறவளிடம் செடி எப்படியிருக்கும் என்று ஒருவார்த்தை சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் மூட்டையில் சீட்டு ஒட்டுகிறவர், தன் கூடையில் ஒட்டவில்லை.

"எல்லாத்தையும் போட்டுட்டீங்களாம்மா?"

"நல்லதாப் பாத்துப் போட்டேன். சுருங்கிப்போன சொத்தையெல்லாம் நறுக்கித் தூர எறிஞ்சேன். நாரு இதோ கீது பாரு, பாத்திரம் தேய்க்க வெச்சுகினேன்."

சொத்தையை எறிந்த இடம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால், தென்னை நிழலில் இருந்த குப்பைக்குழி. ஞானையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். சாமுண்டீஸ்வரியும் வந்து குந்தினாள். கத்திரிக்காய்க் காம்பு, கருவாட்டுத் தலை, சாம்பல் எல்லாவற்றையும் கிளறினார்கள். பழைய கிழங்குகள், காய்ந்த சுண்டைக்காய் மாதிரி சுருங்கினவை, ஆறேழு கிடைத்தன. ஒன்றிலும் முளை இல்லை. முளை விட்டவை எல்லாம் நல்லவை என்று பொறுக்கப்பட்டிருந்தன. ஞானையா அவற்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"டீச்சரம்மா இன்னா சொல்வாங்களோ" என்றாள் சாமுண்டீஸ்வரி. "பேஜாராப் பூட்ச்சே. நான் வேணா வந்து கால்ல வுழட்டா சார்?"

"வேணாம்மா. நான் சொல்லிக்கறேன்."

சொல்லாமல் இருக்கவும் வழிகள் இருந்தன. சேலையூர்வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவற்றை ஒவ்வொன்றாக யோசித்தார். கிணற்றில் விழுந்துவிட்டது என்று சொல்லலாம். ஆடு தின்றுவிட்டது என்று சொல்லலாம். தின்றது ஆடில்லை என்பதுதான் அவரைத் தடுத்தது. வீட்டில் நுழைந்ததும் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஒரு மூட்டையின் விவரத்தைப் படிப்பதுபோல, ஒன்றையும் விடாமல்.

ரத்தினபாய் விசிறியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்களும் சாப்பிட்டீங்களா?"

"ம்."

"எவ்வளவு?"

"ரெண்டு தரம் வாங்கினேன்."

அவள் கைக்குட்டையைப் பிரித்தாள். கருவாட்டு வாடை அடித்தது. ஒவ்வொரு கிழங்கையும் எடுத்து நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தாள். ஒன்றைத் தூக்கிப் போட்டாள். மற்றவற்றை ஒரு தட்டில் வரிசையாக வைத்தாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதிருந்தாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளைக்கு லீவு போடமுடியுமா?"

"போடலாம். எதுக்கு?"

"அந்த வீட்டுக்குப் போகணும்."

"ரத்தினம், அது தெரியாம செஞ்ச தப்பு. அந்தம்மாவை ஒண்ணும்..."

"நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. போகணும், அவ்வளவுதான்."

மறுநாள் பஸ்ஸில் போனார்கள். அவள் தட்டிலிருந்த கிழங்குகளை ஈரப் பாசியில் பொதிந்து டிபன்பாக்ஸில் கொண்டுவந்தாள். சாமுண்டீஸ்வரி தூரத்திலேயே பார்த்துவிட்டாள். உள்ளே ஓடி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். காலையில் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருந்தாள், நெற்றியில் விபூதி தெரிந்தது.

"டீச்சரம்மா, என்ன திட்டணும்னா திட்டிடு. ராவெல்லாம் தூக்கம் வரல. இந்த மனுசன் வேற, வெள்ளக்காரன் தேடி வர்ற செடிய வேக வெச்சுட்டியேன்னு சொல்லிச் சொல்லிக் காட்றாரு."

"வெள்ளைக்காரன் எவனும் தேடலம்மா. நான் ஒருத்திதான் தேடினேன்" என்றாள் ரத்தினபாய். "கிணறு எங்க இருக்கு?"

வெயில் ஏறியிருந்தது. வரப்பில் நடக்கும்போது ரத்தினபாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். ஞானையா கை நீட்டினார், அவள் பிடிக்கவில்லை. தானாகவே படியில் இறங்கினாள். நாலு படி இறங்கியதும் நின்றாள். தலைப்பை எடுத்தாள். இன்னும் நாலு படி இறங்கி, மேடையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கீழேயிருந்து தண்ணீரின் குளிர் ஏறி வந்துகொண்டிருந்தது. கருங்கல் இடுக்கில் சிறு பெரணிகள் முளைத்திருந்தன. சுவரில் ஈரம் கசிந்து மினுமினுத்தது. மேலே சதுரமாகத் தெரிந்த வானத்தில் வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது, இங்கே அதன் சத்தமே இல்லை. ரத்தினபாய் சுவரில் கன்னத்தை வைத்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

ஞானையா மெதுவாக இறங்கிப் போய் ஒரு படி தள்ளி உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

"இப்படி ஒரு இடம்னு நீங்க சொல்லவேயில்லயே" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

"கெணறுன்னு சொன்னேனே."

"கெணறுன்னுதான் சொன்னீங்க." கன்னத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள். "ஒரு வருஷமா அந்தச் செடியைக் குளிருக்குக் கொண்டாந்து வெச்சிருந்தீங்க. வாராவாரம் வந்து பாத்தீங்க. நான் அங்க ஜன்னல்ல ஈரச் சேலை கட்டிக்கிட்டுக் கிடந்தேன். என்னையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வரணும்னு தோணலையா?"

"நீதானே வரமாட்டேன்னு..."

"செடியைப் பாக்க வரமாட்டேன்னு சொன்னேன். இடத்தைப் பாக்க வரமாட்டேன்னா சொன்னேன்?"

அவளைத் தாம்பரத்தில் வைத்துக்கொள்வதற்காகத்தான் அவர் செடியைக் கட்டிக் காத்தார். அந்தக் கணக்கில் நடுவில் ஒரு படியைத் தாவியிருந்தார், அது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"தோணல ரத்தினம்" என்றார். "தோணியிருக்கணும்."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். மேலே கிணற்று விளிம்பில் சாமுண்டீஸ்வரியின் தலை தெரிந்தது.

"டீச்சரம்மா, நீர்மோர் கொண்டாரட்டா? கீழயே குந்திகினு கீறியே, தல சுத்துதா?"

"தலை சுத்தல. வாங்க, நீங்களும் இறங்கி வாங்க. தேங்காநார் இருந்தா கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. பாத்திரம் தேய்ச்சது வேணாம்."

சாமுண்டீஸ்வரி நாரும் மோர்ச்சொம்புமாக இறங்கி வந்தாள். ரத்தினபாய் டிபன்பாக்ஸைத் திறந்தாள். கிழங்குகளை ஒவ்வொன்றாக நாரில் வைத்துக் கட்டினாள். அவள் கை பட்டால் செத்துவிடும் என்று சொன்னதை அவளே மறந்துவிட்டாள் போலிருந்தது. சாமுண்டீஸ்வரி குந்தியிருந்து முடிச்சுக்கு விரல் கொடுத்தாள்.

"இது பொழைக்குமா? மொளையே இல்லியே. சொத்தைன்னுதானே நறுக்கிப் போட்டேன்."

"கிழவிங்கதான். முன்னாடி இருக்கிற இளசு முளை விட்டுக்கிட்டிருக்கிற வரைக்கும் இதுங்க சும்மா இருக்கும். தனியா நறுக்கிப் போட்டா சில சமயம் ரோஷம் வந்து தானே முளைக்கும். செடி சேக்கறவங்க வேணும்னே நறுக்குவாங்க. எனக்கு மனசு வந்ததில்ல."

"அப்ப நான் செஞ்சது நல்லதா?"

"நறுக்கினது சரி" என்றாள் ரத்தினபாய். "கொழம்புல போட்டதுதான்..."

சாமுண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். ரத்தினபாய் கடைசி முடிச்சைப் போட்டாள். பிறகு தலைநிமிராமல் கேட்டாள்:

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"மலைக்காரி. இத்தனை வருஷம் வளத்தேன், ருசி தெரியாது எனக்கு."

சாமுண்டீஸ்வரி ஞானையாவைப் பார்த்தாள். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"வழவழன்னு இருந்துச்சுக்கா. வெண்டிக்கா மாரி. காரமும் இல்ல, கசப்பும் இல்ல. ருசின்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. கருவாட்டாலதான் தப்பிச்சுது."

ரத்தினபாய் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் கருங்கல்லில் பட்டு, தண்ணீரில் பட்டு, மூன்று நான்கு பேர் சிரிப்பதுபோல மேலே ஏறியது. வரப்பில் வந்துகொண்டிருந்த ஏகநாதன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். "இன்னா சார், சண்டையா?" என்று கேட்டான். சிரிப்பு நிற்காததால் அவனும் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

அந்த மே மாதம் முழுக்க ரத்தினபாய் மாடம்பாக்கத்துக்கு வந்தாள். காலைச் சமையலை முடித்துவிட்டுப் பஸ் ஏறுவாள். மத்தியான வெயிலை மேடையில் உட்கார்ந்து கழிப்பாள். புத்தகம் படிப்பாள், ஜெயசீலிக்குக் கடிதம் எழுதுவாள். சாமுண்டீஸ்வரி மொச்சை உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பாள்: குன்றத்தூர் மலைக்குக் காவடி எடுத்த கதை, மாமியார் கதை, சம்பத்துக்குப் பெண் பார்க்கிற கதை. கொடைக்கானலில் தண்ணீர் உறையுமா என்று கேட்பாள். உறையும் என்றால் நம்பமாட்டாள்.

மாதக் கடைசியில் மலைப் பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுதினாள். ஞானையா படிக்கவில்லை, அவளே வாசித்துக் காட்டினாள். இந்த வருஷம் வர இயலவில்லை, குழந்தைகளை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும் என்று இருந்தது. அடுத்த வருஷத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஞானையா கேட்கவும் இல்லை. அவர் அதற்குள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார், ஏகநாதனிடம். கிணற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவனுக்கு ஓட்டு வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. தென்னை நிழல், கிழக்கே திறந்த வெளி.

"ஸ்டேசனுக்கு தெனம் சைக்கிள் மிதிப்பியா சார்?"

"வாராவாரம் பஸ் பிடிச்சு மலை ஏறினவன்தானே."

"அப்ப வா. ஓட்ட மாத்திக் குடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு, சாப்பாட்டுக்குக் கூப்ட்டா வரமாட்டேன்னு சொல்லக்கூடாது. என் பொண்டாட்டி மனசு ஒடஞ்சிடுவா."

ஆனியில் குடிபோனார்கள். ஆடியில் தென்மேற்கு மழை இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்தது. பதினெட்டாம் பெருக்கு அன்று காலை, கிணற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டச் சாமுண்டீஸ்வரி படியிறங்கினாள். ஞானையா ஷேவ் செய்துகொண்டிருந்தார். ரத்தினபாய் அடுப்பில் இட்லிப்பானை வைத்திருந்தாள். கிணற்றுக்குள்ளிருந்து அந்தக் குரல் கிளம்பி வந்தது.

"அக்கா, சீக்கிரம் வாக்கா! மொள வுட்டுடுச்சு!"

இருவரும் ஓடினார்கள். ஒரு கன்னத்தில் சோப்போடு ஞானையா படியில் நின்றார். கூடையில் கட்டியிருந்த கிழங்குகளில் மூன்றின் அடியில், அரிசி அளவுக்குப் பச்சை. கூராக. ரத்தினபாய் முழங்கால்போட்டுக் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"பூவா உள்ள?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"இல்ல. கூரா இருந்தாலும் இது கிழவி விட்ட முளை, வெறும் இலைதான். பூக்க இன்னும் ரெண்டு மழைக்காலம் ஆகும், மூணுகூட ஆகும்."

"அம்மாடி. மூணு வருசமா? அதுவரைக்கும் யாரு இத்தப் பாத்துகினு குந்தியிருக்கறது?"

ரத்தினபாய் எழுந்து, ஈரமான முழங்காலில் ஒட்டியிருந்த சேலையை உதறிவிட்டுக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள். "கற்பூரம் அணையப்போகுது, முதல்ல அதைப் பாருங்க."